அப்பாவுக்கு அந்தச் சூரணம் இப்போது வேண்டாம்

அப்பாவுக்குப் பார்கின்சன், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் சூரணம் கொடுத்தால் நடுக்கம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் நண்பரே. எதிர்ப்புச் சக்தி குறைந்து வருகிற நோய் அல்ல இது. 2017-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் சல்சரும் லா ஹோயா நோயெதிர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் அலெசாண்ட்ரோ செட்டேயும் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மூளையில் தேங்கும் ஆல்ஃபா சைனியூக்ளின் புரதத்தின் துண்டுகளைக் கண்டதும், சுமார் 40 சதவீதம் பேரின் டி செல்கள் (எதிர்ப்புச் சக்தியின் வெள்ளணுக்கள்) கிருமியைப் பார்த்ததுபோலக் கிளம்பின. இந்தப் பாய்ச்சல் நோயின் தொடக்கத்தில்தான் அதிகம் என்று 2020-இல் தெரிந்தது. இது காரணமா, விளைவா என்பது முடிவாகவில்லை. அதனால் கண்மூடித்தனமாகத் தூண்டிவிட வேண்டாம்.

அப்புறம், டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். பூனைக்காலி விதை என்று இருந்தால் அதிலேயே லெவோடோப்பா, அதாவது பார்கின்சனுக்குத் தரும் மருந்து, உண்டு. அப்பா சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்து அளவு கூடிவிடும். டப்பாவையே நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.