தெரிந்த சொற்கள், பிடிபடாத வரி

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் எம்.எஸ்ஸி. கணிதம் முதலாண்டு படிக்கிறேன். பாபநாசத்திலிருந்து தினமும் பஸ். பள்ளி முழுக்கத் தமிழ் வழி. கதைப் புத்தகம் என்றால் போகும்போது பாதி, வரும்போது மீதி என்று முடித்துவிடுவேன். டோபாலஜி என்ற கணிதப் பாடத்தின் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் போகிறது. இத்தனைக்கும் எல்லாம் தெரிந்த சொற்கள்தான். ஸ்பேஸ், ஓப்பன், கவர், ஃபைனைட். அகராதியைப் புரட்ட வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் வாசித்து முடித்தால் மனதில் எதுவும் நிற்பதில்லை. ‘ஒரு ஸ்பேஸுக்கு ஃபைனைட்டான ஓப்பன் கவர் இருந்தால் அது காம்பாக்ட்.’ இது எனக்கு மனப்பாடம். இதை வைத்துக்கொண்டு அடுத்த தேற்றத்துக்குள் போனால் வழி தெரியவில்லை.

சித்தப்பா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தார். சொல்லுக்குள் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தாலும் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் மூளை படித்துவிடுமாம், கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாம். நானும் தடங்கலில்லாமல் படித்தேன். அவ்வளவு கெட்டிக்கார மூளை இந்த ஒரு வரியில் ஏன் முட்டிக்கொண்டு நிற்கிறது? அப்ஸ்ட்ராக்ட் கணிதத்தில் பி.எச்டி. செய்ய ஆசை. வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். இவ்வளவு மெதுவாகப் படிப்பவள் ஆராய்ச்சிக்கு லாயக்கா?

ம., பாபநாசம்

*

அன்புள்ள ம.,

சித்தப்பாவின் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். அது 2003 வாக்கில் மின்னஞ்சலில் கிளம்பி உலகத்தைச் சுற்றிய பழைய சரக்கு. கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆய்வு நடக்கவில்லை என்று அங்கேயே மொழியையும் மூளையையும் ஆராய்ந்துவந்த மாட் டேவிஸ் எழுதிவிட்டார். தேடிப் போனால் 1976-ல் கிரஹாம் ராலின்சன் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் போய் முடிகிறது. முழுப் பொய்யும் இல்லை. அடுத்தடுத்த எழுத்துகள் இரண்டு இடம் மாறினால் ஆங்கிலம் வாசிப்பவர் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறார். ஹீப்ருவில் இந்தக் கதை நடக்காது. ஹதாஸ் வேலனும் ராம் ஃப்ராஸ்ட்டும் இரண்டு மொழியும் நன்றாக வாசிக்கக் கூடியவர்களை வைத்து 2007-ல் சோதித்தார்கள். அதே ஆட்கள் ஆங்கில வாக்கியத்தில் தாராளமாகப் போனார்கள், ஹீப்ரு வாக்கியத்தில் திணறினார்கள். ஹீப்ருச் சொல்லின் உயிர் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரில் இருக்கிறது. மெய் இடம் மாறினால் அது இன்னொரு வேராகிவிடக்கூடும். ஆக, எதைக் கூர்ந்து பார்க்க வேண்டும், எதைத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று கண்ணைப் பழக்குவது அந்தந்த மொழியும் அதை எழுதும் முறையும்தான்.

பஸ்ஸில் நீங்கள் கதை படிக்கும் வேகத்துக்கு வருவோம். வாசிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் நடுவே கால் நொடிபோல நிற்கிறது. நிற்கும் அந்த நேரத்தில்தான் சொல் பிடிபடுகிறது, அதுவும் அடிக்கடி பார்த்த சொல் அரிதான சொல்லைவிடச் சீக்கிரம். 1969-ல் ரைக்கர் என்பவர் செய்த சோதனை ஒன்று எனக்குப் பிடித்தமானது. நாலெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைக் கண நேரம் காட்டி மறைத்துவிட்டு, குறிப்பிட்ட இடத்தில் இருந்தது இந்த எழுத்தா அந்த எழுத்தா என்று கேட்டார். அதே எழுத்தைத் தனியாகக் காட்டியபோது சொன்னதைவிட, சொல்லுக்குள் வைத்துக் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டித்தான் சொல்லை அறிகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, தெரிந்த சொல் திரும்பி வந்து எழுத்தையே காட்டிக்கொடுக்கிறது. பழக்கம் அத்தனை தூரம் கீழே இறங்கி வேலை செய்கிறது.

அந்தப் பழக்கம் இன்னொன்றும் செய்யும். ஆங்கிலம் வாசிப்பவரின் கண் எங்கே நிற்கிறது என்று கருவி வைத்துப் பார்த்தவர்கள், பொருளுள்ள பெரிய சொற்களில் 85 சதவீதம் போல நிற்கிறது, சின்ன இணைப்புச் சொற்களில் 35 சதவீதம் போலத்தான் நிற்கிறது என்று கண்டார்கள். மற்றதெல்லாம் தாண்டுதல். கதையில் அதனால் நஷ்டமில்லை. உங்கள் டோபாலஜி புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதில் உங்களுக்கு எது விழுந்துபோயிற்று என்று பாருங்கள்.

நீங்கள் மனப்பாடம் என்று எழுதிய வரி சரியென்றால் உலகத்தில் உள்ள எல்லா ஸ்பேஸும் காம்பாக்ட்தான். கவர் என்றால் ஸ்பேஸ் முழுவதையும் மூடும் ஓப்பன் செட்களின் தொகுப்பு. முழு ஸ்பேஸும் தானே ஓர் ஓப்பன் செட். அதையே எடுத்துப் போர்த்திவிட்டால் கவர் ஆயிற்று. எண்ணிக்கை ஒன்று, ஃபைனைட். புத்தகத்து வரி வேறு. எவ்ரி ஓப்பன் கவருக்கும் ஒரு ஃபைனைட் சப்கவர் இருக்க வேண்டும். யார், எப்படிப்பட்ட கவரைக் கொண்டுவந்து நீட்டினாலும், அதிலிருந்தே எண்ணி முடிக்கக்கூடிய சிலவற்றைப் பொறுக்கி முழுவதையும் மூட முடிய வேண்டும். எண்கோட்டின் மேல் −1 முதல் 1 வரை, −2 முதல் 2 வரை, −3 முதல் 3 வரை என்று திறந்த இடைவெளிகளை அடுக்கிக்கொண்டே போனால் கோடு முழுக்க மூடும். அவற்றில் எந்தப் பத்தாயிரத்தைப் பொறுக்கினாலும், பொறுக்கியதில் பெரியதற்கு அப்பால் கோடு நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே எண்கோடு காம்பாக்ட் இல்லை. 0-வும் 1-உம் சேர்ந்த, 0 முதல் 1 வரையிலான துண்டு காம்பாக்ட். ஸ்பேஸ், ஓப்பன், கவர், ஃபைனைட் நான்கும் உங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. எவ்ரி படவில்லை. பட்டிருந்தாலும் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

‘எல்லா’, ‘ஏதாவது ஒன்று’ ஆகியவை நிற்கும் வரிசை கணிதத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் பக்கத்தில் விளக்குவது சுலபம். ‘ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை உண்டு.’ ‘ஒரு மடை உண்டு, அது ஒவ்வொரு வயலுக்கும்.’ கிட்டத்தட்ட அதே சொற்கள். இரண்டையும் ஒரு கடைமடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருஷங்களில் ராத்திரி வயலில் காவல் கிடந்தவருக்கு வித்தியாசத்தைப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பெரிய ஆட்களுக்கே இது லேசாக இருந்ததில்லை. தொடர்ச்சியான சார்புகளாலான ஒரு தொடர் ஒருங்கினால், அதாவது கூட்டக் கூட்ட ஒரு கூட்டுத்தொகையை நெருங்கினால், அந்தக் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று 1821-ல் பிரெஞ்சுக் கணித மேதை கோஷி தம் பாடநூலில் எழுதினார். 1826-ல் ஏபெல் ஓர் அடிக்குறிப்பில், இதற்கு விலக்கு இருப்பதுபோலத் தெரிகிறதே என்று ஒரு சைன் தொடரை எடுத்துக் காட்டினார். சண்டையெல்லாம் இல்லை, அடிக்குறிப்புதான். கோளாறு எந்த இடத்தில் என்பதை 1840-களின் கடைசியில்தான் சீடெலும் ஸ்டோக்ஸும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கேற்ற ஓர் எண் உண்டு என்பதற்கும், எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக ஓர் எண் உண்டு என்பதற்கும் உள்ள தூரம் அது. இன்று யூனிஃபார்ம் கன்வெர்ஜன்ஸ் என்று இளங்கலையில் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஐரோப்பா மெதுவாகப் படித்த வரி.

கும்பகோணத்தில் கணிதம் படிக்கும் பெண்ணுக்கு யாரும் ராமானுஜனைச் சொல்லித்தான் தைரியம் கொடுப்பார்கள். நான் கொடுக்கப் போவதில்லை. அவரைப் பார்த்து யாரும் படிக்கும் முறையைக் கற்றுக்கொள்ள முடியாது. அவர் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு வருவதற்கு முந்தைய வருஷம் அதே கல்லூரியிலிருந்து சென்னைக்கு மாறிப்போன தமிழாசிரியரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர், உ.வே. சாமிநாதையர். அவர் கையில் வந்த ஏடுகளில் புள்ளி கிடையாது. எகரமா ஏகாரமா என்று கொம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. பழக்கப்பட்ட கண்ணின் வேகம் அங்கே செல்லாது. யாப்பை வைத்து ஒரு சீரை நிறுத்திப் பார்ப்பது, இன்னொரு பிரதியோடு ஒப்பிடுவது, பின்னால் வரும் பாட்டைக் கொண்டு முன்னால் உள்ளதைத் திருத்துவது என்று நகர வேண்டும். சீவக சிந்தாமணியில் சொல் படித்தும் விஷயம் பிடிபடாத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டார். 1887-ல் புத்தகம் வந்தது. அவர் எவ்வளவு வேகமாகப் படித்தார் என்று யாரும் கேட்பதில்லை.

கணிதக்காரர்கள் நிரூபணத்தை வாசிப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்பதைப் பார்த்திருக்கிறார்கள். லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் மேத்யூ இங்லிஸும் லாரா ஆல்காக்கும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கும் கணித ஆய்வாளர்களுக்கும் ஒரே நிரூபணங்களைக் கொடுத்துக் கண்ணைத் தொடர்ந்தார்கள். மாணவர்களின் கண் சூத்திரங்களிலேயே அதிகம் தங்கியது. ஆய்வாளர்களின் கண் வரிக்கு வரி முன்னும் பின்னும் போய்வந்தது, இந்த வரி எந்த வரியிலிருந்து வந்தது என்று தேடுவதுபோல. இரண்டு வருஷம் கழித்து மார்க் ஹாட்ஸோடு சேர்ந்து அவர்களே இன்னொன்றையும் செய்தார்கள். ஒவ்வொரு வரியையும் வாசித்ததும், இது எதனால் உண்மை, முன்னால் எதைப் பயன்படுத்துகிறது என்று தனக்குத்தானே விளக்கிச் சொல்லும்படி மாணவர்களுக்குச் சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். புரிதல் கூடியது, கண்ணும் முன்பின் போக ஆரம்பித்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் என்கிறீர்களே, அந்தச் சாயங்காலத்தில் ஒரே வரியைப் பலமுறை மேலிருந்து கீழாக ஓட்டுகிறீர்களா, வரிகளுக்கு நடுவே போய்வருகிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது என்றால் மாற்றுங்கள். இரண்டாவது என்றால் நேரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

தமிழ் வழியில் படித்ததை நீங்கள் குறையாகச் சொல்லவில்லை, ஆனாலும் கடிதத்தில் அந்தப் பயம் இருக்கிறது. மாரி அமால்ரிக்கும் ஸ்டானிஸ்லாஸ் தெஹானும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு உதவும். கணித ஆய்வாளர்களிடம் உயர்கணிதக் கூற்றுகளைச் சொல்லி உண்மையா பொய்யா என்று யோசிக்கவைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். வேலை செய்தவை பெரும்பாலும் எண்ணையும் இடத்தையும் கையாளும் பகுதிகள். மொழிக்கான பகுதிகள் ஒதுங்கியே இருந்தன. ஆங்கிலம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், வரிக்குள் நுழைய அது வேண்டும்தான். நுழைந்த பிறகு நடக்கும் வேலை வேறு.

பேங்க் பரீட்சையில் குறித்த நேரத்துக்குள் கேள்வியின் ஜாதியைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டு விடை குறிக்க வேண்டும். பஸ்ஸில் கதை படிக்கும் உங்கள் கண்ணுக்கு அது வரும். வீட்டுக்காகத் தேவையென்றால் எழுதுங்கள், அதில் தப்பில்லை. டோபாலஜியில் மெதுவாக இருப்பதை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்லாதீர்கள், அது உண்மையான காரணம் இல்லை. பி.எச்டி. பற்றி இப்போதே முடிவெடுக்கவும் வேண்டாம். 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். (மேத்தமேட்டிக்ஸ் ட்ரெய்னிங் அண்ட் டேலன்ட் சர்ச்) என்ற கணிதக் கோடைப் பயிற்சியில் உங்களைப்போல முதுகலை முதலாண்டுக்காரர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நான்கு வாரம். பாடத்தைவிடக் கேள்வி அதிகம் இருக்கும். உங்கள் பேராசிரியரிடம் சொல்லி விண்ணப்பியுங்கள். போய்வந்த பிறகும் ஆசை இருந்தால் சென்னைப் பக்கம் தரமணியிலும் சிறுசேரியிலும் உள்ள கணித ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகளைப் பற்றிப் பேசலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. காம்பாக்ட் ஸ்பேஸின் குளோஸ்டு சப்செட்டும் காம்பாக்ட் என்ற தேற்றம் உங்கள் புத்தகத்தில் அடுத்த சில பக்கங்களுக்குள் இருக்கும். நிரூபணத்தில் சப்செட்டுக்கு ஏதோ ஓர் ஓப்பன் கவரை எடுத்துக்கொண்டு, சப்செட்டுக்கு வெளியே உள்ள மிச்சம் முழுவதையும் ஒரே ஓப்பன் செட்டாக அதோடு சேர்ப்பார்கள். எதற்காகச் சேர்க்கிறார்கள், கடைசியில் அதை ஏன் தூக்கிப் போட முடிகிறது, குளோஸ்டு என்ற நிபந்தனை எந்த இடத்தில் செலவாகிறது என்று தமிழிலேயே எழுதி அனுப்புங்கள்.