'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று டோக்கனில் போட்டிருந்தால் விட்டுவிட வேண்டியதுதானா?

கேள்வி: ஓட்டல் வாசலில் வேலே பார்க்கிங் பையனிடம் கார் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பின்கதவு நசுங்கியிருக்கிறது. மேனேஜர் டோக்கனின் பின்பக்கத்தைக் காட்டி, "பொறுப்பல்லன்னு போட்டிருக்கே சார், பார்க்கிங்குக்குக் காசும் வாங்கலையே" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நஷ்டஈடு கேட்கலாம். அந்தப் பொடி எழுத்தைப் பார்த்ததும் பலர் தலைவிதி என்று கிளம்பிவிடுகிறார்கள். அதற்காகத்தான் அதை அச்சடிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

சாவி கை மாறிய அந்த நிமிடமே ஓட்டலுக்கு ஒரு கடமை வந்துவிடுகிறது. சாதாரண புத்தியுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. டியூட்டி ஆஃப் கேர், கவனக் கடமை என்று வக்கீல்கள் சொல்வது இந்த மாதிரிப் பொறுப்பைத்தான். அதற்காக எது நடந்தாலும் ஓட்டல் பணம் அழ வேண்டும் என்று அர்த்தமில்லை, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டும் கைமீறிப் போயிருந்தால் தப்பிக்கலாம்.

1998-இல் டெல்லி தாஜ் மஹால் ஓட்டலில் ஒருவர் இரவு பதினொரு மணிவாக்கில் மாருதி ஜென் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வேறொரு காரில் வந்த மூன்று பையன்கள், தங்கள் காரை எடுத்துவரச் சொன்ன சந்தடியில் ஜென் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டிப் போய்விட்டார்கள். அந்த டோக்கனிலும் இதே வாசகம்தான். உச்ச நீதிமன்றம் 2019-இல் ஓட்டலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: கவனமாக இருந்தோம் என்று முதலில் ஓட்டல் நிரூபிக்கட்டும், அதுவரை அந்த வாசகத்தின் பின்னால் ஒளிய முடியாது. இலவசம் என்ற வாதமும் எடுபடவில்லை, அந்தச் செலவு பில்லிலேயே அடங்கிவிடுகிறதாம்.

நீங்களே நிறுத்திவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் கதை வேறு, காரை ஒப்படைத்ததாகவே சொல்ல முடியாமல் போகலாம்.

சரி, டோக்கனையும் சாப்பாட்டு பில்லையும் தொலைத்துவிடாதீர்கள். நசுங்கிய இடத்தை ஓட்டல் பெயர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்திருந்தால் ரொம்ப நல்லது. சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று இன்றே எழுத்தில் கொடுங்கள், விட்டால் தானாகவே அழிந்துவிடும். அப்புறமும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு, வக்கீல் கட்டாயமில்லை.