கடற்பஞ்சும் திமிங்கிலமும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கடல்நீரை வடிகட்டி உண்ணும் உயிர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், ஆர்க்டிக் கடலின் வில்தலைத் திமிங்கிலத்தையும் கடற்பஞ்சையும் அருகருகே வைத்து எழுதியிருந்தீர்கள். நான் மண்டபத்துக்காரன். வலையில் ஏறும் கடற்பஞ்சைக் குப்பையோடு உதறித் தள்ளுவதைச் சிறு வயது முதல் பார்த்து வருகிறேன். தலையும் வாயும் இல்லாமல் பாறையில் ஒட்டிக் கிடப்பதை விலங்கு என்பது எப்படி? அதைத் திமிங்கிலத்தோடு ஒப்பிடுவதில் என்ன பொருள் இருக்கிறது?

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் ஐயம் அறிஞர்களுக்கும் நெடுங்காலம் இருந்ததுதான். 1825 வாக்கில் ஸ்காட்லாந்தின் ராபர்ட் கிராண்ட், உயிருள்ள கடற்பஞ்சை நீரிலிட்டு உருப்பெருக்கியில் நோக்கியபோது, அதன் பெரிய துளையிலிருந்து நீர் இடைவிடாமல் பீறிட்டு வெளியேறுவதைக் கண்டார். உடலெங்கும் உள்ள நுண்துளைகள் வழியே புகும் நீரை, உள்ளறைகளில் இருக்கும் செல்கள் தம் சாட்டையிழைகளை அசைத்து இழுக்கின்றன. அந்நீரில் வரும் பாக்டீரியாக்களையும் பிடித்து உண்கின்றன. நரம்பு, தசை, குடல் எதுவும் அதற்கு இல்லை. ஆயினும் அது தாவரத்தைப் போலத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை; முட்டையும் விந்தும் கூடிப் பிறக்கும் அதன் இளவுயிரி, பாறையில் ஒட்டுவதற்கு முன் நீந்தவும் செய்கிறது.

வில்தலைத் திமிங்கிலம் உண்பதும் வடிகட்டித்தான். உடலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலையாகவே உள்ள அது, வாயைத் திறந்தபடி மெல்ல நீந்துகிறது. முன்னால் புகும் நீர் பக்கவாட்டில் வெளியேற, நண்டு, இறால் இனத்தைச் சேர்ந்த, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உயிர்கள் மேல்தாடையில் தொங்கும் தகடுகளின் இழைகளில் சிக்கிக்கொள்கின்றன. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன அத்தகடுகள் 4 மீட்டர் வரை வளர்கின்றன. ஆகத் திமிங்கிலம் சல்லடையைச் சுமந்துகொண்டு நீரிடம் போகிறது. கடற்பஞ்சு இருந்த இடத்திலேயே இருந்து நீரைத் தன்னிடம் வரவழைக்கிறது. இரை திரண்ட இடத்தைத் தேடி அலைவதற்கு வால், உறைநீரில் உடற்சூட்டைக் காப்பதற்கு அரை மீட்டர் வரை தடித்த கொழுப்பு என்று திமிங்கிலத்துக்கு ஆகும் செலவுகள் எவையும் கடற்பஞ்சுக்கு இல்லை. நான் ஒப்பிட்டது பிழைக்கும் இந்த வழியைத்தானே தவிர உருவத்தை அன்று.

ஒப்பீடு முறிந்துபோகும் இடமும் உண்டு. 1907இல் அமெரிக்க விலங்கியலாளர் எச். வி. வில்சன் கடற்பஞ்சைத் துணி வழியே பிழிந்து செல்களாகப் பிரித்தார். அவை மீண்டும் ஒன்றுசேர்ந்து கடற்பஞ்சாக வளர்ந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய அந்தத் திமிங்கிலத்தை ‘ஓர் உயிர்’ என்று சொல்வதில் யாருக்கும் தயக்கம் இராது. பிழிந்த பின்னும் உருப்பெறும் இதில் ‘ஓர் உயிர்’ எங்கே தொடங்குகிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு.

குப்பை என்கிறீர்களே, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களிடம் ஓடு முழுக்கச் சிறு துளைகள் விழுந்த சங்கு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சுண்ணாம்பு ஓட்டை அமிலத்தால் அரித்து, துணுக்குத் துணுக்காகப் பெயர்த்தெடுத்து, உள்ளே குடியேறும் ஒருவகைக் கடற்பஞ்சும் அப்படித் துளையிடும். பவளப்பாறையையும் முத்துச்சிப்பியையும்கூட அது விட்டுவைப்பதில்லை.