பூனை முடிக்குப் புது வாக்குவம் கிளீனர் தேவையா?

இரண்டு பூனைகள், துணி சோஃபா, பாதி வேலையிலேயே இழுவை குறைந்துவிடும் வாக்குவம் கிளீனர். அதிக வாட் உள்ளதாக வாங்கலாமா என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வாட் என்பது மெஷின் தின்னும் மின்சாரம், உறிஞ்சும் வலு அல்ல.

முதலில் இருப்பதைக் கவிழ்த்துப் பாருங்கள். உருளை பிரஷ்ஷின் இரு முனைகளிலும் முடி கயிறு போல இறுகியிருக்கும். கத்தரிக்கோலை நுழைத்து நீளவாக்கில் வெட்டினால் கொத்தாக வந்துவிடும். அப்புறம் ஃபில்டர். கழுவக்கூடியது என்றால் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் நாற்றமும் அடைப்பும்தான் மிச்சம்.

அப்படியும் இழுக்கவில்லையென்றால் புதிது வாங்குங்கள். தனி மோட்டாரோடு சுழலும் சின்னக் கைப்பிரஷ் மெஷினோடு சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், சோஃபாவுக்கு அதுதான் முக்கியம். யாருக்காவது ஓயாத தும்மல் இருந்தால் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் வேண்டும். ஒவ்வாமை தருவது முடியல்ல, அதில் ஒட்டியிருக்கும் எச்சிலும் தோல் செதிலும். ரோபோ வாக்குவம்? தரைக்குச் சரி, சோஃபாவில் ஏற அதனால் முடியாதே!

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: ரப்பர் கையுறையை லேசாக நனைத்து, சோஃபாவை ஒரே திசையில் தடவுங்கள். முடி திரண்டு வரும். மிச்சத்துக்கு மட்டும் மெஷினை எடுங்கள்.