ஹட்டன்ல இருந்து லண்டன் போக எவ்வளவு நேரம் எடுக்கும்?

கொழும்பு–லண்டன் வானத்தால சுமார் 8,700 கிலோமீட்டர், நேரடி ப்ளைட்னா 11 மணித்தியாலம் கிட்ட, டுபாய் தோஹானு மாறிப் போனா இன்னும் கூடும். திரும்பி வர்றப்ப கொஞ்சம் சீக்கிரம், மேல காத்து மேற்கில இருந்து கிழக்கா அடிக்கிறதால ப்ளைட்ட பின்னுக்கிருந்து தள்ளிவிடும்.

ஆனா நம்மளுக்கு பெரிய பயணமே ஹட்டன் மலையில இருந்து கொழும்பு பக்கத்துல இருக்கிற கட்டுநாயக்க ஏர்போட்டுக்கு போறதுதாங்க, 150 கிலோமீட்டருக்குள்ளதான், வேன்ல அஞ்சு மணித்தியாலம் போயிரும், கினிகத்தேன வளைவுல என் தங்கச்சி ரெண்டு தரம் வாந்தி எடுத்து, கித்துல்கலயில நிப்பாட்டி இஞ்சி போட்ட ப்ளேன்டீ குடிச்ச பிறகுதான் மூஞ்சி தெளிஞ்சிச்சு. மழை நாள்ல மண்சரிவு வந்தா ரோட்டே பிளாக், ஏர்போட்டுக்கும் மூணு மணித்தியாலம் முந்தியே போகணும், அதனால முதல் நாளே இறங்கிருங்க.

லண்டன் டைம் நம்மள விட அஞ்சரை மணித்தியாலம் பின்னுக்கு, அங்க கோடைன்னா நாலரை.