கடுவன் தின்ற மிச்சமா மந்திக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரீசஸ் குரங்குகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று பார்த்தேன். பெரிய கடுவன், அதாவது ஆண் குரங்கு, பழக்குவியல் பக்கம் வந்ததும் பெண் குரங்குகளான மந்திகள் எழுந்து போய்விடுகின்றன. அது தின்ற மிச்சம்தான் மந்திகளுக்கா? பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பார்த்தது நடப்பதுதான். தீனி ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் பெரிய உடம்புக்காரன் கை ஓங்கும். ஆனால் காட்டில் கொழுந்தும் பூச்சியும் அப்படிக் குவியலாகவா கிடைக்கின்றன? சிதறிக் கிடப்பதை யாரும் யாரையும் விரட்டிக் காவல் காக்க முடியாது.

மந்தியின் தேவையே வேறு. சினையாக இருக்கும்போதும், அதைவிட அதிகமாகப் பால் கொடுக்கும் மாதங்களிலும், அதன் உடம்பு நிறையக் கேட்கும். அதனால் பல இனங்களில் அது இரை தேடக் கூடுதல் நேரம் செலவழிக்கும், இல்லையென்றால் புரதமுள்ள பூச்சி, இளந்தளிர் என்று பார்த்துப் பொறுக்கித் தின்னும். கடுவனுக்கோ இணைசேரும் காலம் வந்துவிட்டால் சாப்பாடு இரண்டாம்பட்சம். ரீசஸ் கடுவன் அப்போது மெலிந்து போகும். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் அணில் குரங்குகளில் கடுவன் அந்தப் பருவத்துக்கு முன்பே கொழுத்துத் தோள் பெருத்துவிடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கண்ணைப் பற்றிய விஷயம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க உதவும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அந்த அமெரிக்கக் காடுகளின் குரங்கினங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு எக்ஸில் அந்த மரபணுவின் ஒரு வகைதான் இருக்கும். கடுவனுக்கு இருப்பதே ஒரு எக்ஸ், எனவே சிவப்பும் பச்சையும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்று. மந்திக்கு இரண்டு, அவை வேறு வேறு வகையாக அமைந்துவிட்டால் பச்சை இலைகளுக்கு நடுவே சிவந்த பழம் அதற்குப் பளிச்சென்று தெரியும். எல்லா மந்திகளுக்கும் இந்தப் பார்வை வாய்க்காது. சரி, இல்லாதவற்றுக்கு நஷ்டம்தானா? அப்படியும் இல்லை. அந்த அமெரிக்க இனங்களில் ஒன்றான வெண்முகக் கபுச்சின் குரங்குகளைக் கவனித்தபோது, இலையோடு இலையாக ஒளிந்திருக்கும் பூச்சிகளைப் பிடிப்பதில் நிறம் பிரித்தறியாத குரங்குகளே கெட்டியாக இருந்தன. ஒரே மரத்தில் தாயும் மகனும் உட்கார்ந்து வேறு வேறு மரத்தைப் பார்க்கின்றன!

உங்கள் ரீசஸ் குரங்குகளுக்கு இது பொருந்தாது, அவற்றில் இரு பாலுக்கும் நிறம் தெரியும். அங்கே மந்திகளை ஒரே கூட்டமாகப் பார்த்ததுதான் சிக்கல். மகளுக்குத் தாயின் அந்தஸ்து வந்துவிடும், பெரிய இடத்து மந்தி முதலில் தின்னும், எளிய மந்தி காத்திருக்கும். அப்புறம், அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்க முடிந்தால் எழுந்து போகிற மந்தியின் கன்னத்தைக் கவனியுங்கள். இந்தக் குரங்குகளுக்குக் கன்னத்தில் பை உண்டு. கிடைத்ததை அதில் திணித்துக்கொண்டு தள்ளிப் போய் நிதானமாகத் தின்னும்.