‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் 20 வயதுக் கல்லூரி மாணவி. கடந்த ஆண்டிலிருந்தே, வகுப்பில் என் பெயரை அழைக்கப்போகிறார்கள் என்று தோன்றினாலே நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்த்துப் பேனா வழுக்குகிறது. எந்த நேரமும் எழுந்து வெளியே போக வசதியாக, கதவோரமாகத்தான் உட்காருகிறேன். வீட்டில் சொன்னால் அம்மா, “எல்லாம் நீயாக நினைத்துக்கொள்வது” என்கிறார். அப்பாவோ, “இந்த வயதில் உனக்கென்ன கவலை?” என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிவிடுகிறார். ஈசிஜி எடுத்ததில் குறையில்லை என்று வந்ததும், அந்தத் தாளைக் காட்டியே என் வாயை அடைத்துவிட்டார்கள். அக்காவுக்குத் தலைவலி என்றால் வீடே பதறும். எனக்கு என்றால் பாசாங்கு.

நான் நடிக்கவில்லை என்பதை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? சென்ற மாதம் நான் அழுததைப் பார்த்து அம்மாவே மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார். அவரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியதால், காத்திருந்த இடத்திலிருந்தே எழுந்து வந்துவிட்டேன், அது வேறு விஷயம். ஆனால் பெற்ற மகளை நம்பாத அம்மாவை என்னவென்று சொல்வது? அக்கா விஷயத்தில் இப்படி இருந்திருப்பார்களா? அவர்களுக்கு உறைக்கும்படி நீங்களே நாலு வார்த்தை எழுதுங்கள், அப்படியே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவிடம் காட்டுவதற்கு நான் எதுவும் எழுதப்போவதில்லை. “அது வேறு விஷயம்” என்று நீங்கள் ஒதுக்கிய அந்த வரியைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

உங்கள் துன்பம் மெய்யானது. பதற்றத்தில் உடல் ஆபத்தை எதிர்கொள்வதாகவே எண்ணி அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இதயம் உண்மையாகவே வேகமாகத் துடிக்கிறது. ஈசிஜி உங்கள் மனம் படும் பாட்டை அளப்பதில்லை. வீட்டார் பேச்சு புண்படுத்தியிருக்கும், ஐயமில்லை. ஆயினும் நேரம் வாங்கித் தந்தவரும் அதே அம்மாதான். புரியாத நிலையிலும் உதவ முன்வந்தவரைப் பற்றி ஒரு கடிதம் நிறையப் புகார் எழுதியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மருத்துவரை நீங்கள் வீட்டு வழக்கில் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாக எண்ணிவிட்டீர்கள்: நோய் உண்டு என்றால் உங்கள் பக்கம் வெற்றி, இல்லையென்றால் அம்மா சொன்னது சரியாகிவிடும். அங்கே முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகள்தான். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, எவற்றைத் தவிர்க்கிறீர்கள், காபி எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை எழுதித் தரலாம். பதற்றக் கோளாறு என்று பெயரிடும் அளவுக்கு இல்லை என அவர் கருதினாலும், நீங்கள் பொய் சொன்னதாக ஆகாது. அந்த நிலையிலும் உதவி பெறலாம், பெற வேண்டும்.

எழுந்து வெளியே வந்ததும் நெஞ்சு லேசாகியிருக்குமே? கதவோர இருக்கை தருவதும் அதே நிம்மதிதான். தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்வதால், அடுத்த முறை பயம் இன்னும் முன்னதாகவே வந்து நிற்கும். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுக்கத் தொடங்கிய சிந்தனைமுறையிலிருந்து வளர்ந்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இந்தச் சுழலைத்தான் உடைக்க முயல்கிறது. அச்சமூட்டும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும், விலகிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பவும் பழக்குவார்கள். வழக்கமாக வாரம் ஒருமுறை எனச் சில மாதங்கள் பிடிக்கும். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மறுபடியும் நேரம் வாங்குங்கள், இம்முறை நீங்களே அழைத்து. அம்மா உடன் வரட்டும். உள்ளே தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வார்த்தை வராது என்று தோன்றினால், எனக்கு எழுதியதையே ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். சென்ற முறை எழுந்து வந்ததை மட்டும் மறைக்காதீர்கள். சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது என்பதை அதிலிருந்துதான் அவர் கண்டுகொள்வார்.